தராசு யார் கையில்? உப்புச் சத்தியாகிரகம் முதல் உழவர் சந்தை வரை



எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு கை முல்லை மொட்டை அள்ளிப் பார்த்தால் இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். எங்கள் ஊர் வேதாரண்யம் பக்கம். மணல் நிலம். விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் டார்ச் லைட்டைத் தலையில் கட்டிக்கொண்டு முல்லை பறிக்க இறங்குவார்கள். மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். மாலைக்குள் மலர்ந்துவிடும். மறுநாள் அது குப்பை.

பறித்த பூ மூட்டையை வியாபாரியிடம் போடுவோம். அவர் எடை போடுவார், நோட்டில் எழுதிக்கொள்வார். விலை என்ன என்று அப்போது தெரியாது. வெளியூர் மார்க்கெட்டில் அன்றைக்கு என்ன விலை போனதோ, அதில் கமிஷனும் வண்டிச் செலவும் கழித்து, பிறகுதான் சொல்வார்கள். எட்டாவது படிக்கும்போது நான் கேட்டேன்: "ஏன் அப்பாயி, நம்ம பூவுக்கு நாம ஏன் வெல சொல்றதில்ல?"

அப்பாயி சொன்ன பதில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. "நாம சொன்னா யாரு கேப்பா? தராசு அவங்க கையில இருக்கு."

இப்போது நான் பி.காம் படிக்கிறேன். மார்க்கெட்டிங் பாடத்தில் உற்பத்தியாளர், மொத்த வியாபாரி, சில்லறை வியாபாரி, நுகர்வோர் என்று கட்டம் கட்டி அம்புக்குறி போட்டுச் சொல்லித் தருகிறார்கள். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அப்பாயியின் தராசுதான் நினைவுக்கு வருகிறது. படத்தில் அம்புக்குறி இருக்கிறது. தராசு யார் கையில் என்று அதில் போடவில்லை.

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சந்தைகளின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது. அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள் :-)

உப்பைக் கொடு, நெல்லை வாங்கு

சந்தையின் பழைய வடிவம் பண்டமாற்று. இதற்கு எங்கள் பகுதியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. கடலோரத்தில் உப்பு விளைகிறது, நெல் குறைவு. உள்ளே தஞ்சைப் பக்கம் நெல் விளைகிறது, உப்பு இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் தேடி வந்தே ஆக வேண்டும்.

சங்க இலக்கியத்தில் உமணர் என்று ஒரு கூட்டம் வருகிறது. இவர்கள் உப்பு வணிகர்கள். வண்டிகளில் உப்பை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் ஊராகப் போவார்கள். உப்பைக் கொடுத்து நெல் வாங்கியதைப் பாடல்கள் சொல்கின்றன. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையிலும் உப்பு விற்று நெல்லோடு திரும்பும் படகுகள் வருகின்றன. காவிரிப்பூம்பட்டினமும் எங்கள் கடற்கரையின் தொடர்ச்சிதான். நாகப்பட்டினத்தைத் தாண்டி வடக்கே போனால் வரும் பூம்புகார்.

அதே காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்ற இரண்டு பகுதிகளுக்கும் நடுவே நாளங்காடி இருந்ததாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. மரங்கள் அடர்ந்த இடத்தில், ஊருக்கு நடுவில் பகல் சந்தை. மதுரையில் பகலில் நாளங்காடியும் இரவில் அல்லங்காடியும் நடந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. இன்றைக்கு மேல்நாட்டு நகரங்களில் ஊர் மையத்தில் வாரத்துக்கு ஒருநாள் விவசாயிகள் கூடும் சந்தையை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு போலச் சொல்கிறார்கள். நம்மிடம் அதற்குப் பெயரே இரண்டு இருந்திருக்கிறது!

இந்தப் பண்டமாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உப்புக்காரருக்கு நெல் தேவை, நெல்காரருக்கு உப்பு தேவை. இரண்டு பேருக்கும் அவசரம் சமம். அதனால் தராசு நடுவில் நின்றது. ஒருவருக்கு மட்டும் அவசரம் வந்தால் தராசு மற்றவர் கைக்குப் போய்விடும். பூ வாடுவதற்குள் விற்றாக வேண்டும் என்பது அப்பாயியின் அவசரம். வியாபாரிக்கு அந்த அவசரம் இல்லை, அடுத்த வீட்டில் வாங்கிக்கொள்வார்.

தராசு அரசாங்கத்தின் கைக்குப் போனபோது

வெள்ளைக்காரன் ஆட்சியில் எங்கள் ஊர் உப்பின் தராசு முழுவதுமாக அரசாங்கத்தின் கைக்குப் போனது. உப்பு எடுப்பது, விற்பது எல்லாம் அரசின் கட்டுப்பாட்டில். அதற்கு மேல் வரி. வீட்டு வாசலில் வெயிலில் தானாகவே உப்பு படிந்தாலும் அதை அள்ளினால் குற்றம்.

1930ல் காந்திஜி தண்டியில் உப்பு எடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் அதே போராட்டத்துக்கு ராஜாஜி தேர்ந்தெடுத்த இடம் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். ஜாலியன்வாலாபாக் படுகொலையின் நினைவு நாளும் அதுவே. அன்று திருச்சியில் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் 100 தொண்டர்களுடன் ராஜாஜி புறப்பட்டார். சுமார் 150 மைல். காவிரிக் கரை ஊர்கள், தஞ்சாவூர், கும்பகோணம் என்று டெல்டாவின் குறுக்கே நடந்து வந்தார்கள். இந்த யாத்திரைக்காக நாமக்கல் கவிஞர் எழுதிய பாட்டு பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்ததுதான்.

அப்போது தஞ்சாவூர் கலெக்டர் தார்ன். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனை என்று உத்தரவு போட்டார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சோற்றுப் பொட்டலங்களை வழியில் உள்ள மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். யார் வீட்டுச் சோறு என்று போலீசுக்குத் தெரியாது. நடந்து வருபவர்களுக்குப் பசி தீரும்.

ஏப்ரல் 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகஸ்தியம்பள்ளியில் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானார். அந்த இடத்தில் இன்றும் நினைவுத் தூண் நிற்கிறது. வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாடுகளையும் செய்தவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை. அதற்காகச் சிறை போனார், சொத்தையும் இழந்தார். வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அதற்காக அவரும் சிறைக்குப் போனார்.

இதைப் பெரும்பாலும் சுதந்திரப் போராட்டக் கதையாக மட்டுமே படிக்கிறோம். ஒரு வணிகவியல் மாணவனாக எனக்கு இது சந்தைக் கதையாகவும் தெரிகிறது. 'எங்கள் மண்ணில் விளைந்ததை நாங்கள் எடுப்போம், நாங்கள் விற்போம், நீ குறுக்கே நிற்காதே.' அந்த நாளில் கேட்டது இவ்வளவுதான்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்

சுதந்திரம் வந்தால் தராசு தானாகவே உழவர் கைக்கு வந்துவிடுமா? வரவில்லை.

அந்தக் காலத்து மண்டிகளில் நடந்த கூத்தைப் பெரியவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். துண்டுக்கு அடியில் இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு விரலால் விலை பேசுவார்கள். சரக்குக்குச் சொந்தக்காரர் பக்கத்திலேயே நிற்பார், அவருக்கு மட்டும் விலை தெரியாது! அதன் பிறகு எடைக் கழிவு, சாக்குக் கழிவு, தரகு, சுமை கூலி என்று வரிசையாகக் கழிப்பார்கள்.

இதைச் சரிசெய்யச் சட்டங்கள் வந்தன. இந்தியாவில் முன்னோடி, பருத்திக்காகவும் தானியத்துக்காகவும் 1897ல் பேரார் பகுதியில் வந்த சட்டம். 1928ல் ராயல் விவசாயக் கமிஷன் ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணத்தில் 1933ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி முதல் விற்பனைக் கூடம் 1936ல் திருப்பூரில் பருத்திக்காகத் திறக்கப்பட்டது. பிறகு 1987ல் தமிழ்நாடு வேளாண் விளைபொருள் விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம்.

நல்ல விஷயம்தான். சரியான எடை, வெளிப்படையான ஏலம், கிடங்கு வசதி. ஆனால் இவை எல்லாம் பருத்தி, நிலக்கடலை, நெல் போன்ற தாங்கும் சரக்குக்குத்தான் நன்றாகப் பொருந்தின. கீரையையும் கத்தரிக்காயையும் முல்லையையும் கிடங்கில் வைத்துக் காத்திருக்க முடியுமா? அவசரச் சரக்கு வைத்திருப்பவர் நிலைமை பழையபடியே இருந்தது.

மற்ற ஊர்களில்

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் பெரிய கடைகள் வந்த பிறகு நகரத்துக்குப் பக்கத்தில் இருந்த சிறு விவசாயிகள் நிலத்தை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். 1976ல் நியூயார்க் நகரில் கிரீன்மார்க்கெட் என்ற சந்தை தொடங்கியது. விளைவித்தவர்தான் விற்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. அதே ஆண்டு, உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்பதை ஊக்குவிக்க அங்கே மத்திய அரசின் சட்டமும் வந்தது. இங்கிலாந்தில் இந்தக் காலத்து விவசாயிகள் சந்தை 1997ல் பாத் நகரத்தில் தொடங்கியது. குளிர் நாடுகளில் இவற்றில் பல கோடைக்காலத்தில் மட்டும் நடக்கும். பனி கொட்டும்போது யார் தெருவில் கடை போடுவார்கள்!

இந்தியாவில் பஞ்சாப் 1987ல் 'அப்னி மண்டி' என்று தொடங்கியது. 'நம்ம சந்தை' என்று பொருள். ஆந்திராவில் 1999 ஜனவரி 26 அன்று 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் முறை.

1999 நவம்பர் 14, மதுரை

அன்றைய முதல்வர் கருணாநிதி மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்து வைத்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் 100 சந்தைகள் வரை பரவின.

அது இயங்கும் விதம் எளிமையானது. ஆனால் யோசித்துச் செய்தது.

நிலம் இருக்கிறதா, என்ன பயிர் செய்திருக்கிறார் என்று அதிகாரிகள் பார்த்து, உழவருக்குப் புகைப்படத்தோடு அடையாள அட்டை தருவார்கள். அட்டை இருப்பவர் மட்டுமே விற்கலாம். கடைக்கு வாடகை கிடையாது. தராசு இலவசமாகக் கொடுப்பார்கள், சந்தை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விடியற்காலையில் காய்கறி மூட்டைகளை அரசுப் பேருந்தில் கட்டணமில்லாமல் ஏற்றிவர ஏற்பாடு செய்தார்கள். அன்றன்றைய விலையைக் காலையிலேயே முடிவு செய்து பலகையில் எழுதிவிடுவார்கள்.

கவனித்தீர்களா? தராசு! அப்பாயி சொன்ன அதே தராசு. அரசுத் திட்டத்தின்படி உழவர் கையில் கொடுக்கப்பட்டது.

விலை எப்படி முடிவாகிறது என்பது எங்கள் பாடத்துக்குப் பொருத்தமான கணக்கு. மொத்த மார்க்கெட் விலையைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல், வெளிச் சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 சதவீதம் குறைவு என்பது பொதுவான அளவு. ஒரு பேச்சுக்கு, கத்தரிக்காய் மண்டியில் கிலோ 20 ரூபாய், தெருக்கடையில் 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மண்டி விலையில் 20 சதவீதம் கூட்டினால் 24. சில்லறை விலையில் 15 சதவீதம் குறைத்தால் 34. இந்த 24க்கும் 34க்கும் நடுவில் எங்கே விலை வைத்தாலும் விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்வது நடுவில் இருந்த இடைவெளியை.

அந்த இடைவெளி எவ்வளவு பெரியது? 2024ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, நுகர்வோர் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குப் போய்ச் சேர்வது தக்காளிக்கு சுமார் 33 பைசா, வெங்காயத்துக்கு 36 பைசா, உருளைக்கிழங்குக்கு 37 பைசா. மூன்றில் ஒரு பங்கு!

எல்லாம் சரியாக நடந்ததா?

இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

2001ல் ஆட்சி மாறியது. இந்தத் திட்டத்தின் மீது இருந்த கவனம் குறைந்தது. பல சந்தைகள் களை இழந்தன. 2006ல் மீண்டும் ஆட்சி மாறியதும் உயிர் கொடுத்தார்கள். 2021ல் தமிழக அரசு முதன்முறையாக வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது பழைய உழவர் சந்தைகளைப் புதுப்பிக்கவும் புதியவற்றைத் தொடங்கவும் பணம் ஒதுக்கினார்கள். ஒரு சந்தையின் ஆயுள் தேர்தல் முடிவைப் பொறுத்து இருக்கக் கூடாது என்பது என் கருத்து. காய்க்கு எந்தக் கட்சியும் கிடையாது.

உழவர் வேடத்தில் வியாபாரிகள் உள்ளே வந்துவிடுகிறார்கள், சந்தை வாசலுக்கு வெளியிலேயே கடைகள் முளைத்துவிடுகின்றன என்ற புகார்களும் உண்டு.

இன்னொரு விஷயம் கொஞ்சம் ஆழமானது. எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு கருத்து வரும். இடைத்தரகரை நீக்கிவிடலாம், ஆனால் அவர் செய்யும் வேலையை நீக்க முடியாது. ஏற்றுவது, இறக்குவது, தரம் பிரிப்பது, காத்திருந்து விற்பது எல்லாம் யாராவது செய்தாக வேண்டும். உழவர் சந்தையில் அந்த வேலை உழவர் தலையில் விழுகிறது. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில். இரண்டு மணிக்கு எழுந்து, கட்டுக் கட்டி, பஸ் பிடித்து, பத்து மணி வரை உட்கார்ந்து விற்று, வீடு திரும்பிச் சமைத்து, மறுபடி வயலுக்கு. அந்த உழைப்புக்கு யார் கூலி போடுகிறார்கள்? விலைப் பலகையில் அதற்கு ஒரு வரி கிடையாது.

வியாபாரி எல்லோரும் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பூவை எடுத்துக்கொண்டு ராத்திரி முழுக்க வண்டியில் போகிறவர் அவர்தான். கல்யாணச் செலவுக்கு முன்பணம் கொடுத்ததும் அவர்தான். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. முன்பணம் வாங்கியவர் வேறு ஆளிடம் பூவைப் போட முடியாது.

எங்கள் ஊர்க் கதைக்கு வருவோம்

வேதாரண்யம் வட்டத்து ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். கருப்பம்புலம், கத்தரிப்புலம், ஆயக்காரன்புலம். புலம் என்றால் நிலம். ஆயம் என்றால் வரி. விளைநிலமும் வரியும் பெயரிலேயே இருக்கிற பகுதி!

கத்தரியும் கீரையும் பக்கத்துச் சந்தையில் விற்றுவிடலாம். முல்லையை? ஒரு ஊரில் விளையும் பூவை அந்த ஊரே சூடித் தீர்க்க முடியாது. தேத்தாக்குடி, செம்போடைப் பக்கத்து மாம்பழமும் அப்படித்தான். சித்திரை வைகாசியில் எல்லா மரமும் சேர்ந்து பழுக்கும். உப்பும் அப்படியே. தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து உப்பு உற்பத்தியில் எங்கள் ஊர்தான். மழைக்காலம் வருவதற்குள் அம்பாரம் அம்பாரமாகக் குவித்து வைப்பார்கள். இவற்றுக்கெல்லாம் தூரத்துச் சந்தை வேண்டும். தூரம் வந்தால் நடுவில் ஆள் வருவார். ஆகவே உழவர் சந்தை நல்ல மருந்து, ஆனால் எல்லா நோய்க்கும் அல்ல.

அதற்கு மேல் இயற்கை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. காய்க்கும் மாமரம் ஒரு நாளில் வளராது. விழுந்தது ஒரு வருஷத்து விளைச்சல் மட்டுமல்ல, இருபது முப்பது வருஷத்து வருமானம்.

பிறகு 2020ல் கொரோனா ஊரடங்கு. கோயில் மூடியாயிற்று, கல்யாணம் இல்லை. முல்லை யாருக்கு? பறிக்கிற கூலிகூடக் கட்டாது என்று செடியிலேயே விட்டோம். ஆனால் காய்கறிக் கதை வேறு. பல ஊர்களில் உழவர் சந்தைகளைப் பேருந்து நிலையத்துக்கும் பள்ளி மைதானத்துக்கும் மாற்றி, வட்டம் போட்டு, இடைவெளி விட்டு நடத்தினார்கள். சென்னை கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று பரவி 2020 மே மாதம் அதை மூடித் திருமழிசைக்கு மாற்ற வேண்டி வந்தது. எல்லாவற்றையும் ஒரே பெரிய இடத்தில் குவித்தால் என்ன ஆகும், சின்னச் சின்னச் சந்தைகளாக இருந்தால் என்ன ஆகும் என்று அந்த இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் புரிந்தது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பல வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்த திருத்துறைப்பூண்டி - அகஸ்தியம்பள்ளி பாதை, 37 கிலோமீட்டர், அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்டது. ராஜாஜி உப்பு அள்ளிய ஊருக்கு மறுபடி ரயில். பூக்கூடையும் மாம்பழக் கூடையும் அதில் ஏறும் நாள் வந்தால் தூரம் கொஞ்சம் குறையும்.

நாம் என்ன செய்யலாம்?

தஞ்சாவூரில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து அறை எடுத்துத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறோம். உழவர் சந்தைக்குப் போவது முறை வைத்து. இரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உங்களுக்கும் உதவலாம்.

1. காலை ஆறு மணிக்குப் போனால் நல்ல காய். கடைசி நேரத்துக்குப் போனால் மலிவு. நாங்கள் பாதி நாள் அப்படி, பாதி நாள் இப்படி. மாதக் கடைசியில் எப்போதும் கடைசி நேரம்தான் :-)

2. உள்ளே நுழைந்ததும் விலைப் பலகையைப் பாருங்கள். முடிந்தால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் எழுதினால் எந்தக் காய் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று பிடிபட்டுவிடும்.

3. பருவத்தில் விளைவதை வாங்குங்கள். மழைக்காலத்தில் தக்காளி வேண்டும் என்று அடம் பிடிக்காமல் புளியை வைத்துச் சமாளிக்கலாம். பர்ஸுக்கும் நல்லது.

4. துணிப்பை, சில்லறைக் காசு இரண்டும் கொண்டு போங்கள். விடிகாலையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் பாவம், அந்த அம்மா எங்கே போவார்.

5. பலகையில் விலை எழுதிப் போட்ட பிறகும் கீரைக்கட்டுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். ஜவுளிக்கடையில் நாம் பேசுவதில்லை.

6. நான்கு வீடு சேர்ந்து வாங்குங்கள். ஒரு பூசணிக்காயை ஒரு அறையால் தின்று முடிக்க முடியாது. பக்கத்து அறைக்குப் பாதி கொடுங்கள். அவர்கள் முறை வரும்போது முருங்கைக்காய் உங்களுக்கு வரும். உப்பும் நெல்லும் மாற்றிய பழைய கணக்குதான் இது.

7. ஒரே ஆளிடம் தொடர்ந்து வாங்கிப் பாருங்கள். மூன்றாவது வாரம் பெயர் கேட்பார்கள். ஐந்தாவது வாரம் கறிவேப்பிலை இலவசம். எங்களில் ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தபோது, "அந்தத் தம்பிய காணுமே, எங்க?" என்று கேட்டவர் காய்கறிக்கார அம்மாதான். கல்லூரியில் யாரும் கேட்கவில்லை.

கடைசியாக

1930ல் மரத்தில் சோற்றுப் பொட்டலம் கட்டியவர்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்கள் உப்பு அள்ளவில்லை, சிறைக்கும் போகவில்லை. ஆனால் அந்தப் பொட்டலம் இல்லாமல் யாத்திரை வேதாரண்யம் வந்து சேர்ந்திருக்காது. சந்தையும் அப்படித்தான் என்று தோன்றுகிறது. அரசாங்கம் கூரை போடலாம், தராசு கொடுக்கலாம், பலகை வைக்கலாம். வாங்குகிற நாம் ஆறு மணிக்கு எழுந்து போகாவிட்டால் அந்தத் தராசில் வைக்க ஆளும் இருக்காது, காயும் இருக்காது.

போன விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது அப்பாயியிடம் உழவர் சந்தையைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். அட்டை, இலவசத் தராசு, விலைப் பலகை எல்லாம். பொறுமையாகக் கேட்டார். அப்பாயிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பூப் பறிப்பதை நிறுத்திவிட்டார், கண் சரியில்லை.

"தராச நம்ம கையிலயே குடுத்துடுறாங்களா?"

"ஆமா அப்பாயி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை நீட்டி, எதுவும் இல்லாத உள்ளங்கையை மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தார்.

"முல்லைக்கும் அது மாதிரி ஒண்ணு வந்தா சொல்லு. ஒரு நாளாச்சும் போயி உக்காந்து வித்துப் பாக்கணும்."

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். நாளைக் காலை எங்கள் அறையில் என் முறை. ஆறு மணிக்கு எழுந்திருக்க வேண்டும்.